உள்பக்கம் கைப்பிடி இல்லாத கதவு

கிட்ட வாருங்கள், என் செல்லங்களே. அந்தக் கதவை மட்டும் சாத்தாதீர்கள், காற்று வந்தால் வரட்டும். கால்பந்து ஆடும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்த ஒருத்தியின் கதையைச் சொல்லப் போகிறேன். பந்து விளையாட்டே தெரியாதே என்று யாரும் எழுந்து போக வேண்டாம். எனக்கும் அப்போது தெரியாது. நான் அவர்களுடைய உடுப்பைத் துவைத்துப்போட்டவள், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மொந்தெவெந்தோவில் பெண்கள் பாதிப் பேருக்கு ஷூ தொழிற்சாலையில் வேலை. டொனாட்டாவும் அங்கேதான் தோல் தைத்தாள். அதற்கு முன் பாரி நகரத்து அணிக்குத் தடுப்பு ஆட்டக்காரியாக ஆடியவள். இருபத்தாறு வயதில் முழங்கால் போனது. கால் போனாலும் பந்து மனசை விட்டுப் போகவில்லை. லெச்சேயில் நாற்பது ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து, பயிற்சியாளருக்கான முதல்படிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்தாள். உள்ளூர் வட்டாரத்தைத் தாண்டி அது செல்லாது. அதை வைத்துக்கொண்டே தொழிற்சாலைப் பெண்கள் பதினாறு பேரைச் சேர்த்து ஓர் அணி உண்டாக்கினாள். எங்கள் நாட்டில் பயிற்சியாளரை ‘மிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆங்கிலேயர்கள் பந்தோடு சேர்த்து விட்டுப்போன சொல். பெண்ணாயிற்றே என்று அதை யாரும் மாற்றவில்லை. டொனாட்டாவும் மிஸ்டர்தான்.

அணியின் தலைவர் டான் பாந்தலேயோ. ஒலிவ எண்ணெய் ஆலைக்காரர். சட்டையில் அவர் எண்ணெயின் பெயர்தான் இருக்கும். நல்ல மனிதர், ஆனால் சகுனம் பார்த்துப் பார்த்தே பாதி ஆயுள் தீர்ந்தவர். ஆட்டத்துக்கு முன் கோலுக்குப் பின்னால் ஒரு பிடி உப்பு வீசுவார். சட்டைப்பையில் கண்ணேறு படாமலிருக்கப் பவளக் கொம்பு. ஊதா நிறத்தில் யாராவது குடை பிடித்து வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் அப்படித்தான். அவர் கொஞ்சம் சத்தமாகச் செய்வார், மற்றவர்கள் சத்தமில்லாமல் செய்வார்கள்.

மைதானத்தில் உடை மாற்ற ஒரே ஒரு கல் அறை, கோலுக்குப் பின்னால். ஜன்னல் கிடையாது. கூரையோரம் கம்பி போட்ட ஒரு காற்றுத்துளை. இரும்புக் கதவு. அதன் உள்பக்கக் கைப்பிடி எந்தக் காலத்திலோ கழன்று விழுந்து, அந்த இடத்தில் ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், வெளியே சாவி போட்டால்தான் திறக்கும். சாவி மைதானக் காவல்காரர் கோசிமோவிடம். அதனால் கதவடியில் எப்போதும் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருப்போம்.

முதல் வருஷம், நான்கு ஆட்டம் வரிசையாகத் தோற்று, ஐந்தாவது ஆட்டம். இடைவேளையில் சுழியத்துக்கு இரண்டு. பெண்கள் களத்துக்கு ஓடினார்கள். டொனாட்டா பின்தங்கி, படம் போட்ட கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரோ ஷூவின் அடியாணியைத் தட்டுவதற்குச் செங்கல்லை எடுத்துப் போயிருந்தார்கள். வாடைக்காற்று அடித்தது. கதவு சாத்திக்கொண்டது. கோசிமோ காபி குடிக்கப் போயிருந்தார். போனவர் சீட்டாட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நாற்பத்தைந்து நிமிஷமும் அவள் உள்ளே. ஆட்டம் மூன்றுக்கு இரண்டு, நாங்கள் ஜெயித்தோம்.

அடுத்த ஞாயிறு அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான்கு கோல் வாங்கித் தோற்றோம். அதற்கடுத்த ஞாயிறு காலையில் டான் பாந்தலேயோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“மிஸ்டர், கோவிச்சுக்கக் கூடாது. இன்னிக்கு ரெண்டாவது பாதியில மட்டும் கொஞ்சம் உள்ளயே இருந்துக்கிறீங்களா?”

“எதுக்கு?”

“எதுக்குன்னு வாயத் தொறந்து சொன்னா பலிக்காது.”

“நான் என்ன அடைகாக்குற கோழியா, கூடை போட்டுக் கவுக்க?”

“கோழியா இருந்தா கேக்கவா போறேன், பிடிச்சு உள்ள விட்டுட்டுப் போயிட்டே இருப்பேன். மிஸ்டராச்சே, மரியாதையாக் கேக்குறேன்.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். தப்பு அங்கேதான். முதல் தடவை கோபப்பட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். சிரித்ததால் அது விளையாட்டாயிற்று, ஜெயித்ததால் வழக்கமாயிற்று.

நான்கு வருஷம், கண்ணுகளா. ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் பாதி பெஞ்சில், இரண்டாம் பாதி பூட்டுக்குள். வெளியூர் ஆட்டமென்றால் பேருந்துக்குள் வைத்து ஓட்டுநர் பூட்டுவார். உள்ளே இருந்தும் தோற்ற நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் கதவைச் சாத்த அரை நிமிஷம் தாமதம் என்பார்கள், கோசிமோ சாவியை இடது கையால் திருப்பினார் என்பார்கள். பூட்டின்மேல் மட்டும் யாரும் குற்றம் சொல்லவில்லை. எங்கள் பாதிரியார் பிரசங்க மேடையில் மூடநம்பிக்கையை வறுத்தெடுப்பார். ஞாயிறு மதியம் பார்த்தால், கதவு சாத்தியாயிற்றா என்று கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற முதல் ஆள் அவர்தான்.

அவளுக்குக் கண்ணாக இருந்தது நான். அறைக்குப் பின்னால் தக்காளிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று, எட்டி எட்டிப் பார்த்து, காற்றுத்துளை வழியாக ஆட்டத்தைச் சொல்வேன். அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு கோட்டோரமாக ஓடி, பெஞ்சில் இருப்பவர்களிடம் சேர்ப்பேன். ஆரம்பத்தில் என் வர்ணனை கேட்கச் சகிக்காது.

“நம்ம புள்ள ஓடுறா... அவங்க ஆளும் ஓடுறா... ஐயோ, விழுந்துட்டா.”

“யாரு விழுந்தா அக்கா?”

“சேறாயிருக்கு, முகம் தெரியல.”

அவள் பொறுமையாகச் சொல்வாள். “ஓடுறவளை எல்லாரும் பாப்பாங்க அக்கா. நீ அதைப் பாக்காத. எங்க ஆளில்லாம இருக்கு, அதை மட்டும் சொல்லு.”

பந்தை விட்டுவிட்டு வெற்றிடத்தைப் பார்க்க அப்படித்தான் பழகினேன். பார்க்கப் பார்க்க மைதானம் வேறு மாதிரி தெரிந்தது. “வலது ஓரம், கார்னருக்குப் பக்கத்துல, ஒரு ஆடு மேயலாம்” என்பேன். “அப்ப ஃபெர்னாண்டாவை அங்க போகச் சொல்லு” என்பாள். ஃபெர்னாண்டா போவாள், கோல் விழும். கூட்டம் கதவைப் பார்த்துக் கும்பிடும்.

ஃபெர்னாண்டா அணித்தலைவி, என் தங்கை மகள். அவள் அப்பன் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான்: அணி இருக்கும்வரை கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன், அணி கலைந்தால் அடுத்த ஆகஸ்டில் மருந்துக்கடைக்காரர் மகனோடு தேவாலயத்தில் நிற்க வேண்டும். பையன் கெட்டவன் இல்லை. அவள் கேட்டவனும் இல்லை.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஏப்ரலில் டொனாட்டாவுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று கால்பந்து சங்கத்திடமிருந்து. பிளாரன்ஸ் பக்கத்துப் பயிற்சிப் பள்ளியில் மேல்படிச் சான்றிதழுக்கு அந்த வருஷம் பெண்களுக்கு இரண்டு இடம். விண்ணப்பித்தவர் ஓர் ஆட்டத்தை நடத்துவதைப் பார்க்க ஆள் அனுப்புவோம் என்று எழுதியிருந்தார்கள். இன்னொன்று வடக்கே ஒரு முதல்தர அணியிடமிருந்து. சான்றிதழ் கையில் வந்தால் செப்டம்பரில் வந்து சேருங்கள், வீடு தருகிறோம் என்று.

இரண்டையும் என் சலவைக் கல்லின் மேல் விரித்து வைத்தாள். என் கை ஈரம், தொடவில்லை.

“போயிடுவியா?” என்றேன்.

“பூட்டு இல்லாத ஊருக்கு அக்கா.”

சங்கத்து ஆள் வருவதாகச் சொன்ன நாள்தான் எங்களுக்கு அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் மேல் பிரிவுக்கு ஏறுவோம். டான் பாந்தலேயோ முன்பே சொல்லியிருந்தார்: இந்த வருஷமும் ஏறவில்லையென்றால் என் எண்ணெய்ப் பெயரைச் சைக்கிள் பந்தயக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவேன், நீங்கள் உங்கள் பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்து பெண்கள் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். டொனாட்டா நடுவில் வந்து நின்றாள்.

“ஞாயித்துக்கிழம தொண்ணூறு நிமிஷமும் நான் பெஞ்சுலதான். யாருக்காவது சொல்றதுக்கு இருந்தா இப்பவே சொல்லிடுங்க.”

ஃபெர்னாண்டாதான் புல்லைக் கிள்ளிக்கொண்டே வாயைத் திறந்தாள்.

“மிஸ்டர், நாங்க அதை நம்புறோம்னு இல்ல...”

“பின்ன?”

“நம்பலன்னும் இல்ல.”

“நாலு வருஷமா ஓடுனது உங்க கால்டி. என் பூட்டு ஓடல.”

“தெரியும் மிஸ்டர். ஆனா நீங்க வெளிய இருந்தா, கோல் இப்ப விழுமா, அப்ப விழுமான்னு எங்களுக்குக் கால் நடுங்கும். நடுங்குற கால வெச்சுக்கிட்டு என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க.”

பூட்டு பொய்தான், ஆனால் நடுங்குகிற கால் பொய்யில்லையே. அவள் பெஞ்சில் இருந்து அவர்கள் தோற்றால், அணி போகும், ஊரே அவளைத்தான் சொல்லும். உள்ளே போனால், பிளாரன்ஸ் போகும். இந்தப் பக்கம் ஓர் அறை, அந்தப் பக்கம் ஓர் அறை, இரண்டிலும் கைப்பிடி வெளியே.

“நடுங்கட்டும். நடுங்கிக்கிட்டே ஓடக் கத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

ஞாயிறன்று காற்றே இல்லை. ஒலிவ மரத்து இலைகூட அசையவில்லை. சங்கத்திலிருந்து வந்த திரு. ஸ்கார்பா நரைத்த தலையும் சின்னக் குறிப்பேடுமாகப் பாதிரியார் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் பாதி முழுக்க டொனாட்டா கோட்டோரம் நின்று ஆட்டத்தைக் கையசைவிலேயே திருப்பினாள். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். ஆனால் பெண்கள் பந்தைப் பார்க்கவில்லை. மிஸ்டரைப் பார்த்தார்கள், கதவைப் பார்த்தார்கள். எளிதான பந்தைக் கோல்கீப்பர் நழுவவிட்டாள். சுழியத்துக்கு ஒன்று.

இடைவேளையில் அறைக்குள் ஆரஞ்சுச் சுளைகளைக் கொடுத்தபடி நான் நின்றேன். டொனாட்டா கரும்பலகையில் இரண்டு அம்புக்குறி போட்டாள். “அவங்க இடது தடுப்புக்காரிக்கு மூச்சு வாங்குது. பந்தெல்லாம் அந்தப் பக்கம் போகட்டும். போங்க. நான் பின்னாடியே வரேன்.”

பெண்கள் எழுந்தார்கள். ஃபெர்னாண்டா கடைசியாகப் போனாள். வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். “பெரியம்மா” என்றாள். அவள் கால், முட்டிக்குக் கீழே, கன்றுக்குட்டியின் கால்போல நடுங்கிக்கொண்டிருந்தது.

டொனாட்டா எனக்கு முதுகு காட்டிப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஆரஞ்சுத் தோல் கூடையோடு வெளியே வந்தேன். செங்கல்லைக் காலால் நகர்த்தினேன். முதல் தடவை கதவைச் சாத்தியது காற்று. அன்று சாத்தியது நான். இந்தக் கையால்.

உள்ளே இரண்டு தட்டு கேட்டது. பிறகு உள்ளங்கையால் ஓர் அறை. எனக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் தக்காளிப் பெட்டிமேல் ஏறி நின்றேன்.

“அக்கா, கோசிமோவைக் கூப்பிடு.”

“அவரைக் காணோம்மா.”

கோசிமோ இருபதடி தூரத்தில் நின்றிருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு.

ஆட்டம் தொடங்கிய விசில் கேட்டது. வெளியே கூட்டத்துக்குக் கதவு சாத்தியிருப்பது தெரிந்துவிட்டது. ஒரு பெருமூச்சு மைதானத்தைச் சுற்றி வந்தது. பெண்கள் ஓட ஆரம்பித்தார்கள். நடுக்கமில்லாத கால்கள். அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பிறகு காற்றுத்துளைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. அழவில்லை. தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தவள் குரல்.

“சரி. எங்க ஆளில்லாம இருக்கு? சொல்லு.”

சொன்னேன். மூன்று தடவை வாளியோடு ஓடினேன். அவளை உள்ளே வைத்தவள் நான், உள்ளிருந்தபடியே தன் அணிக்கு ஆட்டத்தை நடத்திக் கொடுத்தவள் அவள். இரண்டுக்கு ஒன்று. கடைசி கோல் ஃபெர்னாண்டாவுடையது, அந்த மூச்சு வாங்கிய தடுப்புக்காரியின் பக்கமாகவே போய்.

கதவைத் திறந்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். ஊர் வாத்தியக் குழு ஊதியது. அவள் முகத்தில் சிரிப்புமில்லை, கோபமுமில்லை. இறக்கிவிடுங்கள் என்று சொன்னாள், சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வாசலில் திரு. ஸ்கார்பா காரில் ஏறப் போனவர், டான் பாந்தலேயோவிடம் கேட்டார்.

“பயிற்சியாளர் ரெண்டாவது பாதியில எங்க போனாங்க?”

“எங்கயும் போகலீங்க, உள்ளதான் இருந்தாங்க. நாங்க எப்பவும் அப்படித்தான் வெச்சிருப்போம்.”

அந்த மனிதர் அவரையும் பார்த்தார், தோள்மேல் இருந்தவளையும் பார்த்தார். குறிப்பேட்டைத் திறந்து ஒரு வரி எழுதினார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ஆட்டத்தின் இரண்டாம் பாதி முழுவதும் தன் இடத்தில் இல்லாதவருக்கு இடமளிக்க இயலாது என்று. டொனாட்டா இரண்டு பதில் எழுதிக் கிழித்தாள். என்னவென்று எழுதுவாள்? என் அணி என்னைப் பூட்டி வைத்தது என்றா? சொந்தப் பெண்களே பூட்டி வைக்கிற ஒருத்தியிடம் வடக்கத்தி அணியை யார் கொடுப்பார்கள்? உண்மையைச் சொன்னாலும் கெட்டது, மறைத்தாலும் கெட்டது.

யார் சாத்தியது என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் அந்தச் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து என் சலவைத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த ஆகஸ்டில் எங்கள் வீட்டில் கல்யாணம் நடக்கவில்லை. ஃபெர்னாண்டா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அவள் கை பாரமாக இருந்தது. மறுநாள் கொல்லரை அழைத்துப் போய், யாருக்கும் சொல்லாமல், அந்தக் கதவின் உள்பக்கம் ஒரு கைப்பிடி போட வைத்தேன். பித்தளை. கைக்குள் அடங்குகிற அளவு.

செப்டம்பரில் மேல் பிரிவில் எங்கள் மைதானத்தில் முதல் ஆட்டம். இடைவேளை முடிந்ததும் டொனாட்டா கோசிமோ வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. தானே கதவைச் சாத்தினாள். கைப்பிடியைப் பார்த்திருக்கிறாள், அதன்மேல் நகம் படுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒரே ஒரு தடவை. பிறகு மரப்பலகையில் போய் உட்கார்ந்து, “சொல்லு அக்கா” என்றாள்.

பூட்டு வெளியே இருந்தவரை எனக்கு அவ்வளவு பயமாயிருந்ததில்லை, இப்போது அது அவளுக்குள்ளேயே போயிருந்தது. சொன்னேன். அடுத்த ஆட்டத்திலும் சொன்னேன். மூன்றாவது ஆட்டத்தில், பெட்டிமேல் ஏறி நின்று, வாயை மூடிக்கொண்டேன்.

“எங்க ஆளில்லாம இருக்கு?”

நான் பேசவில்லை.

“அக்கா, இருக்கியா?”

“இருக்கேன்.”

“அப்ப சொல்லு. எங்க ஆளில்ல?”

“பெஞ்சுல.”

களத்தில் யாரோ கத்தினார்கள். பந்து சுவரில் பட்டுத் திரும்பியது. நாலு வருஷப் பழக்கம் என் நாக்கில் வந்து முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கோல் விழுகிற நேரம் ஆயிற்று, எங்கள் வலையில்தான்.

பிறகு பித்தளை திரும்புகிற சத்தம்.

அவள் வெளியே வந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். மைதானம் அப்படியே அடங்கிப் போயிற்று. டான் பாந்தலேயோ உப்புப் பொட்டலத்தை முழுசாகவே வீசினார். பாதிரியார் சிலுவைக்குறி போட்டார். அவள் கோட்டோரமாக, அந்தக் கெட்ட முழங்காலை இழுத்துக்கொண்டு, பெஞ்சுவரை நடந்தாள். ஃபெர்னாண்டா மைதானத்தின் நடுவில் நின்று அவளையே பார்த்தாள். “என்னடி என் மூஞ்சியில பாக்குற, பந்து அங்க இருக்கு” என்றாள் டொனாட்டா.

அன்று தோற்றோம். அடுத்ததும் தோற்றோம், அதற்கடுத்ததும். பெண்களுக்கு நவம்பர்வரை கால் நடுங்கியது. பிறகு எப்போது நின்றதென்று யாரும் கவனிக்கவில்லை. வருஷக் கடைசியில் பழைய பிரிவுக்கே இறங்கினோம். எண்ணெய்ப் பெயர் சைக்கிள்காரர்களிடம் போயிற்று. பெயரில்லாத சட்டை துவைப்பதற்குச் சுலபம். பெயரில்லாத அணியும் அணிதான் என்று ஃபெர்னாண்டா அவள் அப்பனோடு மல்லுக்கு நின்று ஜெயித்தாள், அது தனிக் கதை.

டொனாட்டா பிளாரன்ஸ் போகவே இல்லை. மறுபடி இடம் வந்தபோது வயது வரம்பைத் தாண்டிவிட்டாள். இன்னும் பத்தொன்பது வருஷம் அந்த முதல்படிச் சான்றிதழை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பெண்களை ஆட வைத்தாள், தொண்ணூறு நிமிஷமும் பெஞ்சில் உட்கார்ந்து. வடக்கே போயிருந்தால் என்னவாயிருப்பாளோ, அதை அவளிடமிருந்து பறித்துவிட்டவள் நான். ஒருநாள் துணிந்து, “அன்னிக்குக் கதவு...” என்று ஆரம்பித்தேன். “சாக்ஸெல்லாம் காஞ்சிடுச்சா அக்கா?” என்றாள். காய்ந்துவிட்டது என்றேன். அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

போய் வாருங்கள், என் கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் உள்பக்கம் கைப்பிடி இருக்கட்டும். அதைத் திருப்புகிற கை உங்கள் வீட்டில் எவருக்கும் நடுங்காதிருக்கட்டும். அன்பு வைத்தவர்கள் உங்கள் வாசலில் செங்கல்லை நகர்த்தாதிருக்கட்டும். வெளியே போகிறவர் மனநிறைவோடு போய், பசியோடு திரும்பி வரட்டும், அவருக்கென்று அடுப்பில் எப்போதும் ஏதாவது சூடாக இருக்கட்டும்.